சோழபுரமும் ஒரு தெருக்குத்து வீடும்

நான் வரலாறு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். டெக்சாஸில் போய் இறங்கிய ஒரு வாரத்துக்குள் வாஸ்து நிபுணர் ஆகிவிட்டேன். இடையில் புதிதாக எதுவும் படிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை அழைத்தது டாலஸ் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்று. கங்கைகொண்ட சோழபுரம் என்ற தலைநகரம் எப்படித் தோன்றியது, எப்படி வளர்ந்தது என்று பொங்கல் விழாவில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். விழா பிப்ரவரியில். தை பிறப்பதைச் சூரியன் முடிவு செய்வதெல்லாம் நம் ஊர் வழக்கம். அங்கே பள்ளிக்கூட அரங்கு எந்தச் சனிக்கிழமை காலியாகக் கிடைக்கிறதோ அன்றைக்குப் பொங்கல். சூரியனும் அதை அனுசரித்துக்கொண்டு போகிறது.

விமான நிலையத்துக்குச் செந்தில் வந்திருந்தார். என் தங்கை மகள் வசந்தியின் கணவர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அது இரண்டாயிரம் பிறக்க ஒரு வருடம் இருந்த சமயம். பழைய புரோகிராம்களில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவிட்டார்களாம், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக் குழம்பிவிடுமாம், அதைத் திருத்துவதுதான் தன் வேலை என்று வண்டி ஓட்டிக்கொண்டே விளக்கினார். "எங்கள் தொழிலில் நூறு வருடம் முன்னே பின்னே போவது சகஜம். அதற்கு யாரும் விசா கொடுத்து ஆள் கூப்பிடுவதில்லை" என்றேன். மரியாதைக்குச் சிரித்தார்.

அவர்கள் இருந்தது இர்விங்கில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில். வசந்தி கட்டிக்கொண்டாள், அழுதாள், உடனே சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டாள். அவளுடைய ஐந்து வயது மகள் மீரா, நுனிக்காலில் நடந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நுனிக்காலிலேயே திரும்பிப் போனாள். நான் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "என்ன டான்ஸ் கத்துக்கறே?" என்றேன்.

"டான்ஸ் இல்ல பெரியம்மா" என்றாள் வசந்தி. "கீழ் வீட்டு ஆளு கம்பால சீலிங்க டொக்கு டொக்குன்னு தட்டுவான். அப்புறம் அபார்ட்மென்ட் ஆபீஸ்ல கம்ப்ளெய்ன்ட் பண்ணுவான். இவ நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே இப்படித்தான் பழக்கிட்டேன். இப்ப பார்க்ல விட்டாக்கூட குதிகால் தரையில பட மாட்டேங்குது."

சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள், மீரா டேகேருக்கு. பால் தீர்ந்திருந்தது. கடை ஜன்னலிலிருந்தே தெரிந்தது. நடந்து கிளம்பினேன். சோழபுரத்து அகழாய்வுகளுக்காக மேடும் பள்ளமுமாக எத்தனையோ வருடம் நடந்தவளுக்கு இது ஒரு தூரமா? கொஞ்ச தூரத்தில் நடைபாதை முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. புல்லில் இறங்கி, புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு, அப்படியே நின்று அந்த நடைபாதையின் விளிம்பைக் குனிந்து ஆராய்ந்தேன். தொழில் புத்தி.

பின்னால் போலீஸ் வண்டி வந்து நின்றது. வண்டி ரிப்பேரா என்று கேட்டார் அதிலிருந்து இறங்கிய இளைஞர். வண்டியே இல்லை என்றேன். அப்படியென்றால் தொலைந்துபோய்விட்டீர்களா என்றார். இல்லை, பால் வாங்கப் போகிறேன் என்றேன். ஒருவர் கால் இரண்டையும் பயன்படுத்திப் பால் வாங்கப் போவதை அவரால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல பிள்ளை. பின் இருக்கையில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போய், பாலோடு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கீழ் வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அதன்பிறகு என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம்தான் விஷயம் வெளியே வந்தது. ஃபிரிஸ்கோ என்கிற ஊரில் புதிதாக வீடுகள் கட்டுகிறார்கள். வசந்தி ஒரு மனையைப் பார்த்து மனதில் முடிவே செய்துவிட்டாள். வீட்டுக்குச் சிமெண்ட் தளம் மட்டும் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடவில்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது தெருக்குத்து. ஒரு தெரு நேராக வந்து அந்த வீட்டு வாசலில் முட்டி முடிகிறது. கோபியிலிருக்கும் செந்திலின் அப்பா, தெருக்குத்து வீட்டுக்குத் தன் பேத்தி குடிபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா வேண்டாமென்று சொன்னதைச் செந்தில் இதுவரை செய்ததில்லை.

"அவரு ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கார் பெரியம்மா. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பாத்து, பரவால்லன்னு சொன்னா சரின்னுட்டார்" என்றாள் வசந்தி.

"விஷயம் தெரிஞ்சவங்களைத் தேடு."

"தேடியாச்சு. நீங்கதான்."

சங்கத்துச் செயலாளர் செய்த வேலை அது. விழா அழைப்பு மின்னஞ்சலில் என் பெயருக்குக் கீழே "பண்டைய நகரமைப்பு வல்லுநர். விருந்தின்போது வாஸ்து ஐயங்களுக்கு விளக்கமளிப்பார்" என்று எழுதியிருந்தார். செந்தில் அதைக் கோவையிலிருக்கும் தம்பிக்கு அனுப்ப, தம்பி அச்செடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். செயலாளரைப் போனில் பிடித்தேன்.

"ஹிஸ்டரின்னு போட்டா யாரும் வர மாட்டாங்க ஆன்ட்டி" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "இங்க எல்லாரும் வீடு வாங்கற சீசன். வாஸ்துன்னு ஒரு லைன் ஆட் பண்ணேன். இப்ப பாருங்க, எத்தனை பேர் வர்றோம்னு ரிப்ளை பண்ணியிருக்காங்க!"

வசந்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை, எனக்கு வாஸ்து தெரியாது, நம்பிக்கையும் இல்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லமாட்டேன். அவள் சண்டை போடவில்லை. "ஒரு வார்த்தைதான் பெரியம்மா" என்றாள். பிறகு மீராவின் காலில் தடித்த காலுறையை மாட்டிவிட்டாள். சத்தம் கேட்காமலிருக்க அது இன்னொரு ஏற்பாடு.

வியாழக்கிழமை வசந்தி லீவு போட்டு என்னை ஃபிரிஸ்கோவுக்கு அழைத்துப்போனாள். பிளேனோ என்ற ஊரைத் தாண்டியதும் வெறும் பருத்தி நிலமும் காற்றும்தான். நடுவில் திடீரென்று கல்லால் கட்டிய பெரிய நுழைவாயில், செயற்கை ஏரி, நீரூற்று. ஊர் இன்னும் வரவில்லை. வாசல் முதலில் வந்திருக்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஒளிப்பானேன். சோழ மன்னனும் இதைத்தான் செய்தான். ஆறும் வயலுமாக இருந்த தஞ்சாவூரை விட்டுவிட்டு, வறண்ட மேட்டு நிலத்தைப் பிடித்து, பிரம்மாண்டமான ஏரியை வெட்டி, இங்கேதான் இனித் தலைநகரம் என்று அறிவித்தான். கங்கையிலிருந்து தண்ணீர் சுமந்து வரச் செய்து அந்த ஏரியில் விட்டான் என்று செப்பேடு சொல்கிறது. ஃபிரிஸ்கோ ஏரியில் யார் எங்கிருந்து தண்ணீர் விட்டார்கள் என்று கேட்டேன். குழாய் என்றாள் வசந்தி.

தெருக்களுக்கு ஓக் மரம், மான், நீரோடை என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றும் கண்ணில் படவில்லை. இதிலும் நமக்குக் குறைச்சல் கிடையாது. சோழபுரத்தைச் சுற்றி உட்கோட்டை என்று ஓர் ஊர், கோட்டை இல்லை. மாளிகைமேடு, மாளிகை இல்லை. ஆயுதக்களம், அங்கே போனால் டீ கிடைக்கும்.

மாதிரி வீட்டில் ஓர் அம்மாள் எங்களை வரவேற்றார். நல்ல டெக்சாஸ் இழுவைப் பேச்சு, எல்லோரையும் "கண்ணே" என்று கூப்பிட்டார். மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள், அலமாரியில் உள்ளே காகிதம் இல்லாத புத்தகங்கள், வரவேற்பறையில் அட்டையில் செய்த டிவி. சுவரைத் தட்டிப் பார்த்தேன். மரச்சட்டமும் அட்டையும், வெளியே கண்ணுக்கு ஒரு வரிசை செங்கல். மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த அரண்மனைச் சுவரின் கனத்தில் இந்த வீட்டின் குளியலறையே அடங்கிவிடும். எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டேன். "பத்து வருஷம் கேரண்டி, கண்ணே" என்றார்.

வசந்தி கேட்டுவந்த மனை, வரைபடத்தில் தெருவின் முடிவில் இருந்தது. "இந்த வரிசையிலேயே அருமையான இடம்" என்றார் அந்த அம்மாள். "தெரு இங்கே முடிந்துவிடுகிறது. வேறு வண்டி வராது. குழந்தைகள் நடுத்தெருவில் சைக்கிள் விடலாம். இதற்கு எத்தனை போட்டி தெரியுமா!" நாம் தெருக்குத்து என்று ஒதுக்குவதை அவர்கள் கூடுதல் விலை வைத்து விற்கிறார்கள். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பிளாஸ்டிக் ஆப்பிளைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு மெக்சிகோ கடையில் சாப்பிட்டோம். சப்பாத்தியின் தூரத்துச் சொந்தம் ஒன்று, அவரைக்கும் மொச்சைக்கும் நடுவில் ஒரு பருப்பு, நம் காரத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு சட்னி. அந்த நாட்டில் முதல்முறையாக வயிறு நிறைந்தது. வசந்தி சாப்பிடாமல் வரைபடத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

சனிக்கிழமை வந்தது. விழாவுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வருவது ஏற்பாடு. பொங்கல் என்பதால் பலரும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கலே செய்து வந்துவிட்டார்கள். அலுமினியத் தட்டுகளில் வரிசையாகச் சர்க்கரைப் பொங்கல். சாம்பார் கொண்டுவந்த ஒரே பெண்மணியைச் சுற்றி மேடைக்கு இருந்ததைவிடப் பெரிய கூட்டம்.

நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது. குழந்தைகள் நடனம், பிறகு வேறு குழந்தைகள் நடனம், பிறகு முதல் குழந்தைகளின் பெற்றோர் கேமரா ஓடவில்லை என்பதால் மறுபடியும் முதல் நடனம். என் ஒரு மணி நேரம் அரை மணியாயிற்று, அரை மணி கால்மணியாயிற்று. மேடை ஏறும்போது செயலாளர் காதில், "பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க ஆன்ட்டி, ஃபுட் ஆறிடும்" என்றார்.

ஊரிலிருந்து ஸ்லைடுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். பள்ளி நூலகத்திலிருந்து ஸ்லைடு காட்டும் கருவியைத் தேடிப்பிடித்து வந்தார்கள். முதல் ஸ்லைடு விழுந்தது, அதோடு சிக்கிக்கொண்டது. அரங்கில் இருந்த அத்தனை பேரும் என்ஜினியர்கள். ஆளுக்கு ஒரு பட்டனை அழுத்தினார்கள். ஒருவர் அணைத்துவிட்டுப் போடலாம் என்றார், இன்னொருவர் கேபிளை மாற்றலாம் என்றார். ஸ்லைடு அசையவில்லை. கடைசியில் காட்ட வேண்டியதை நான் ஞாபகப் பிசகில் முதலில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. மாளிகைமேட்டின் மேல் நாலு ஆடு மேயும் படம் அது.

பத்து நிமிடமும் அந்த ஆடுகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கோட்டை வாசல்களையும் பெருவழிகளையும் அங்காடிகளையும் பற்றிப் பேசினேன். இருநூற்றைம்பது ஆண்டு தலைநகரமாக இருந்த ஊர் என்றபோது எல்லோரும் ஆடுகளைப் பார்த்தார்கள். கைதட்டினார்கள். சாப்பாட்டுக்கு ஓடினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் இன்னொரு வரிசை உருவானது. கையில் வீட்டு வரைபடங்கள். "ஆன்ட்டி, கராஜ் நார்த் ஈஸ்ட்ல வருது, ஓகேவா?" "ஆன்ட்டி, அடுப்பு மேற்குப் பார்த்து இருக்கு. மூவ் பண்ண பில்டர் ஒத்துக்க மாட்டேங்கறான், என்ன பண்ணலாம்?" எனக்கு வாஸ்து தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பெரியவர்கள் அப்படித்தான் தன்னடக்கமாகச் சொல்வார்கள் என்று அவர்களாகவே விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். என் மேல் மரியாதை கூடியதுதான் மிச்சம்.

ஞாயிறு மாலை, கோபியில் திங்கள் காலை. செந்தில் வெளிநாட்டுக்குப் பேச வாங்கிவைத்த காலிங் கார்டைப் போட்டு அப்பாவைப் பிடித்து, ரிசீவரை என்னிடம் நீட்டினார். வசந்தி அடுக்களை வாசலில் நின்றாள். உண்மையைச் சொல்லுவது என்று தீர்மானமாக இருந்தேன். அந்த உண்மை அவளுக்கு உதவாது என்பதும் தெரிந்திருந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஏனுங் சம்பந்தியம்மா, சௌக்கியமுங்ளா?" என்றார் செந்திலின் அப்பா. "நீங்க படிச்சவங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுக்கு நான் கட்டுப்படறனுங்க."

"எனக்கு வாஸ்து தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி எழுதினது சங்கத்துக்காரங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஊர்தான்."

"செரி, அந்த ஊரப் பத்தியே சொல்லுங்க."

சொன்னேன். மேடையில் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னேன். அவர் விவசாயி. வறண்ட காட்டில் தண்ணிக்கு என்ன பண்ணினார்கள் என்று கேட்டார். ஏரியைச் சொன்னேன். கரை எத்தனை நீளம் என்றார், வாய்க்கால் எங்கிருந்து வந்தது என்றார். முப்பது வருடத்தில் என் மாணவிகள் ஒருத்திகூட அந்த வாய்க்காலைப் பற்றிக் கேட்டதில்லை. அரண்மனைக்கு ஈசானிய மூலையில் கோயில், கோயிலைச் சுற்றித் தெருக்கள் என்று விவரித்தேன்.

"அப்ப எல்லாமே சாஸ்திரப்படிதானுங்க?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் ஆமாங்க. அரசனே கட்டினது, குறை வைக்கமாட்டாங்க."

"இப்ப அங்க யாரு குடியிருக்காங்க?"

"கோயில் இருக்கு. ஏரி பாதி மேடாயிடுச்சு. கோயில் மதில் கல்லைப் பேத்துக் கொள்ளிடத்துல அணை கட்டிட்டாங்க. அரண்மனைச் செங்கல்லைச் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எடுத்து வீடு கட்டிக்கிட்டாங்க. அரண்மனை இருந்த மேட்டுல ஆடு மேயுது."

அதற்குள் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கார்டு தீர்ந்தது என்று அறிவித்தது. லைன் போய்விட்டது.

செந்தில் இன்னொரு கார்டைத் தேடினார், இல்லை. வசந்தி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முப்பது வருடமாக அந்த நகரத்தின் வளர்ச்சியைத்தான் பேசி வந்தேன். ஆதரவாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் அதன் அழிவைச் சொல்லி முடித்திருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, செந்திலின் அப்பா. மகன் அமெரிக்கா போனதிலிருந்து ஒரு தடவைகூட அவராகக் கூப்பிட்டதில்லையாம். ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்ப் பேசினார், பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"நான் கட்டுன வூடு ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க" என்றார். "மூலை பாத்து, வாசல் பாத்து, கெணறு பாத்துக் கட்டுனது. பெரியவன் அங்க இருக்கறான், சின்னவன் கோயமுத்தூர்ல. அந்த வூட்டுல இப்ப நானும் ஊட்டுக்காரியும் மட்டும்தானுங்க. ஆடு மேயாத கொறைதான்." கனைத்துக்கொண்டார். "வாங்கிக்கச் சொல்லுங்க. புள்ளைங்க இருந்தாத்தானுங்க வூடு."

வசந்தி அடுக்களைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதாள். கீழே கேட்கக் கூடாதே.

திங்கட்கிழமை கையெழுத்து முடிந்து நேரே மனைக்குப் போனோம். சுவர் இல்லை, கூரை இல்லை. வழவழவென்று ஒரு சிமெண்ட் தளம், அங்கங்கே தலைநீட்டும் குழாய்கள். அகழ்வில் மண்ணை நீக்கிய பிறகு எங்களுக்குக் கிடைக்கும் காட்சி கிட்டத்தட்ட இதுதான். இங்கே ஹால், இங்கே உங்களுக்கு ரூம் என்று வசந்தி காற்றில் சுவர் எழுப்பினாள். தளத்தின் நடுவில் மீரா நின்றாள், நுனிக்காலில்.

"ஓடுடி" என்றாள் வசந்தி. "இது நம்ம வீடு. ஓடு!"

மீரா ஓடவில்லை. கீழே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னிடம் கேட்பதை அவளும் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா. "ஹூ லிவ்ஸ் அண்டர் ஹியர்?" என்று ரகசியமாகக் கேட்டாள். இதுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

என் தொழிலில் இருக்கும் ஒரே கேள்வி அதுதான். எந்த மண்ணுக்குக் கீழேயும் யாராவது இருந்திருப்பார்கள். இல்லை என்று சொல்பவன் சரியாகத் தோண்டவில்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்தப் பருத்திக் காட்டில் எனக்கு முன்னால் யார் யார் நடந்தார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

"யாருமே இல்லடா கண்ணு" என்றேன்.

அவள் ஒரு குதிகாலை மெதுவாகத் தரையில் வைத்தாள். காத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. இன்னொன்றையும் வைத்தாள். பிறகு அந்தத் தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தொம் தொம்மென்று மிதித்துக்கொண்டு ஓடினாள்.